விளையாட்டுக்கு மட்டும் நேரமில்லை

டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தையின் முதல் ஆண்டு பல வீடுகளில் எடையைக் கூட்டும் போராட்டமாகவே கழிகிறது. தசைகள் தளர்ந்திருப்பதால் பால் குடித்து முடிப்பதற்குள் குழந்தை களைத்துப்போகும். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயத்திலும் பிறவிக் குறை இருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். நூறு கிராம் கூடினாலும் அன்று வீட்டில் நிம்மதி. அதே குழந்தைக்கு ஐந்தாறு வயதாகும்போது, எடை அதிகம், குறைக்கப் பாருங்கள் என்று அதே மருத்துவமனையில் சொன்னால் அந்தத் தாயின் காதில் அது எப்படி விழும்? வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் எடையைப் பற்றியும் உடற்பயிற்சியைப் பற்றியும் அக்கறை காட்டுவதில்லை என்று குறைசொல்பவர்கள் இந்த முன்கதையை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பெற்றோரின் மனப்போக்கை உருவாக்கியதில் மருத்துவமனைக்கும் தெரபி மையத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அதை மாற்றும் வேலையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிரச்சினை சிறியதல்ல. அமெரிக்காவில் மாற்றுத்திறன் குழந்தைகளிடையே உடல்பருமன் மற்றக் குழந்தைகளைவிடச் சுமார் 38 சதவீதம் அதிகம் என்று அந்நாட்டின் நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. காரணங்கள் பல. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் உடல் ஓய்வில் இருக்கும்போது செலவிடும் சக்தி சற்றுக் குறைவு. தைராய்டு குறைவும் அவர்களிடம் அதிகம். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் குறிப்பிட்ட சில உணவுகளைத் தவிர எதையும் தொடமாட்டார்கள். பெரும்பாலும் அவை மொறுமொறுப்பான மாவுப் பண்டங்களாக இருக்கும். ஆட்டிசக் குழந்தைகளின் கடும் ஆத்திரத்தைத் தணிக்கத் தரப்படும் ரிஸ்பெரிடோன் மருந்தை 2002இல் அமெரிக்காவில் சோதித்தபோது, மருந்து எடுத்த குழந்தைகளின் எடை எட்டே வாரத்தில் சராசரியாக 2.7 கிலோ கூடியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 0.8 கிலோ. இதில் எந்தப் பெற்றோரைக் குற்றம்சாட்டுவது? பிள்ளையின் எடை கூடியிருப்பது கண்ணுக்குப் படாமல் போவதும் இவர்களுக்கு மட்டும் உரிய குறையல்ல. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான அலசலில், எடை கூடிய குழந்தைகளின் பெற்றோரில் பாதிப் பேர் அதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். கொழுகொழு குழந்தையைக் கொண்டாடும் நம் ஊரில் இது வியப்பும் அல்ல.

இந்தப் பெற்றோர் உடற்பயிற்சியை மதிக்கவில்லையா? ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் பெற்றோர் இருபது பேரிடம் எம். பார், நோரா ஷீல்ட்ஸ் இருவரும் விரிவாகப் பேசி 2011இல் வெளியிட்ட ஆய்வு வேறு சித்திரத்தைக் காட்டுகிறது. பிள்ளை ஓடியாட வேண்டும் என்பதில் அவர்களுக்கு மறுப்பில்லை. குழந்தையின் உடல் இயல்பு, குடும்பத்தின் மற்றப் பொறுப்புகள், பிள்ளைக்கு ஏற்ற விளையாட்டு வகுப்பு கிடைக்காதது ஆகியவையே அவர்கள் சொன்ன தடைகள். நம் நகரங்களிலும் இதே கதைதான். திங்கள் ஸ்பீச் தெரபி, செவ்வாய் பிசியோதெரபி, புதன் ஆக்குபேஷனல் தெரபி என்று வாரம் நிரம்பிவிடுகிறது. பேச்சு வர வேண்டும், பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும் என்ற கவலைக்கு முன் விளையாட்டு பின்னுக்குப் போகிறது.

தெரபியே உடற்பயிற்சிதானே என்று கேட்கலாம். அரைமணி நேர பிசியோதெரபி, குழந்தை நிமிர்ந்து உட்காரவும் விழாமல் நிற்கவும் கற்றுத்தருவது; மூச்சிரைக்க ஓடவைப்பது அதன் முதல் நோக்கமல்ல. மூன்று, நான்கு வயதுக் குழந்தை நாளுக்கு 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது துடிப்பான ஆட்டமாக இருக்க வேண்டும் என்றது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அடுத்த ஆண்டு வந்த வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரையிலான மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் மற்றவர்களைப் போலவே நாளுக்குச் சராசரி 60 நிமிடம் என்று சொன்னது. எந்த தெரபி மையமும் இந்தக் கணக்கை நிரப்ப முடியாது. வீடும் தெருவும் பள்ளியும்தான் நிரப்ப வேண்டும்.

வீட்டில் முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. டேல் உல்ரிக்கும் சகாக்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், டவுன் சிண்ட்ரோம் கைக்குழந்தைகளைப் பெற்றோரே ஒரு சிறிய ட்ரெட்மில்லின் மேல் பிடித்துக்கொண்டு காலை எடுத்துவைக்கச் செய்தார்கள். நாளுக்கு எட்டு நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். அந்தக் குழந்தைகள் இந்தப் பயிற்சி பெறாத டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளைவிடச் சராசரியாக 101 நாள் முன்னதாக நடந்தார்கள். பத்தாண்டு கழித்து அதே ஆய்வாளர் 8 முதல் 15 வயது வரையிலான டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் சைக்கிள் பயிற்சி கொடுத்தார். பாதிக்கு மேற்பட்டோர் ஓட்டக் கற்றார்கள். ஓராண்டு கழித்து அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமும் உடல் கொழுப்பும் கற்காதவர்களைவிடக் குறைந்திருந்தன. எடையைக் குறைக்கச் சொல்லி யாரும் அவர்களை மிரட்டவில்லை. சைக்கிள் ஓட்டுவது பிடித்திருந்தது, ஓட்டினார்கள்.

பெற்றோரின் பயங்களில் நியாயமானவையும் உண்டு. இதயக் குறையும், கழுத்து எலும்புகளின் தளர்ச்சியும் சிலருக்கு உண்மையான ஆபத்து. ஆனால் ‘ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற பொத்தாம்பொதுவான எச்சரிக்கை எல்லா ஆட்டத்தையும் நிறுத்திவிடுகிறது. குட்டிக்கரணம் வேண்டாம், நடக்கலாம், நடனமாடலாம் என்று மருத்துவர் பிரித்துச் சொன்னால் பயம் அதன் அளவில் நிற்கும். உடல்வாகே அப்படி, என்ன செய்தும் பயனில்லை என்பது இன்னொரு வாதம். உடல் குறைவாகச் செலவிடுகிறது என்றால் தினம் ஒரு பிஸ்கெட் அதிகமானாலும் சேரும். அசைவின் தேவை அங்கேதான் கூடுகிறது.

எனக்குக் கனமாகப் படும் எதிர்வாதம் வேறு: ‘அவனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் சாப்பாடுதான், அதையும் பிடுங்கச் சொல்கிறீர்களா?’ பேசாத, நண்பர்கள் இல்லாத பிள்ளையின் தாய் இதைச் சொல்லும்போது எளிய பதில் கிடையாது. ஆனால் சாப்பாடு ஒரே சந்தோஷமாக ஆனது எப்படி என்று கேட்கலாம். சொன்னதைச் செய்தால் சிப்ஸ், உட்கார்ந்தால் சாக்லெட் என்று பழக்கிய பயிற்சி முறைகள் இதில் பொறுப்பேற்க வேண்டும். ஊஞ்சலும் சோப்புக் குமிழியும் பிடித்த பாட்டும் பரிசாக முடியும். அந்தத் தாய்க்கு அறுபது வயதாகும்போது பிள்ளைக்கு முப்பதுக்கு மேல் ஆகியிருக்கும். எடை கூடிக்கொண்டே போனால் பிள்ளைக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடலாம்; அந்தக் கனத்த உடம்பைத் தாங்கி எழுப்பும் முதுகும் அந்தத் தாயுடையதாகவே இருக்கும். அதற்காகச் சாப்பாட்டுத் தட்டை ஒளித்துவைக்கச் சொல்லவில்லை. ஓயாத பசியையே அறிகுறியாகக் கொண்ட பிராடர் வில்லி போன்ற நோய்களில்தான் சமையலறையைப் பூட்டும் அளவுக்குக் கண்டிப்பு தேவைப்படுகிறது.

எல்லாக் குழந்தைக்கும் ஒரே எச்சரிக்கையைப் படிப்பதும் தவறு. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளில் பலர் விழுங்கச் சிரமப்பட்டு எடை குறைந்தே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சத்தும் அசைவும் இரண்டும் கூட வேண்டும். மாவட்டந்தோறும் அரசு நடத்தும் ஆரம்பகால இடையீட்டு மையங்களுக்கு இப்படிப்பட்ட எல்லாக் குழந்தைகளும் வருகிறார்கள். பேச்சும் பார்வையும் நடையும் பதிவாகும் அட்டையிலேயே உயரமும் எடையும் ஒவ்வொரு முறையும் ஏறினால், எடை கூடத் தொடங்கும் வயதிலேயே, குற்றம்சாட்டும் தொனி இல்லாமல், பேச்சை எடுக்கலாம். ‘நேற்று எவ்வளவு நேரம் விளையாடினான், யாருடன் விளையாடினான்?’ என்று கேட்க ஒரு நிமிடம் போதும். யாருடனும் இல்லை என்று பதில் வந்தால், அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்படுவது உணவு அட்டவணைக்கு முன்னால், பக்கத்தில் அவனைச் சேர்த்துக்கொள்ளும் ஓர் அங்கன்வாடி, ஒரு மைதானம், சொல்லிக்கொடுக்கப் பழகிய ஒரு பயிற்சியாளர்.