பேர் சொன்னா பார்க்கும், கூப்பிட்டா வருமா?

நாய்க்குட்டி வளர்க்க ஆரம்பித்த நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி: "பேரெல்லாம் நல்லாத் தெரியுது, ஆனா கூப்பிட்டா வரமாட்டேங்குது. ஏன்?" பாதி பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பேரைத் தெரிந்துகொள்வது ஒரு பாடம், கூப்பிட்டால் வருவது இன்னொரு பாடம். நாம் முதல் பாடத்தை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதைப் பற்றிப் படித்ததையும், வீட்டில் வளரும் நாட்டுநாய்க் குட்டியோடு செய்து பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

நாய்க்குப் பேர் என்றால் என்ன?

நமக்குப் பேர் என்பது 'நான்'. நாய்க்கு அது முதலில் வெறும் சத்தம்தான். அந்தச் சத்தத்துக்குப் பிறகு வழக்கமாக என்ன நடக்கிறதோ, அதுவே அதன் அர்த்தமாகிவிடுகிறது. அதாவது, நாய்க்குப் பேர் ஒரு முன்னறிவிப்பு மாதிரி.

இவான் பாவ்லோவ் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர். நாய்களுக்குச் சாப்பாடு வாய்க்கு வருவதற்கு முன்பே, அது வரப்போகிறது என்பதற்கான அறிகுறி தெரிந்ததுமே எச்சில் ஊறுவதை ஆராய்ந்தார். இதில் நமக்கு வேண்டியது வரிசை. அறிகுறி முதலில், சாப்பாடு பிறகு. வரிசை மாறினால் கற்றல் ரொம்பவும் பலவீனமாகிவிடும்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிஸ்கட் பாக்கெட்டைச் சரசரவென்று பிரிக்கிறோம், குட்டி ஓடிவருகிறது, அப்புறம் "மணி, வா வா" என்கிறோம். இங்கே குட்டி கற்றுக்கொண்டது பாக்கெட் சத்தத்தை. 'மணி' என்ற சொல் அதற்குத் தேவையே படவில்லை. அதனால்தான் பாக்கெட் இல்லாத நேரத்தில் எவ்வளவு கூப்பிட்டாலும் காது கேட்காத மாதிரி இருக்கிறது.

நாயின் மூளைத்திறன் மேல் சந்தேகமே வேண்டாம். ஜெர்மனியில் ரிகோ என்ற பார்டர் கோலி நாய்க்கு 200-க்கும் மேற்பட்ட பொருட்களின் பேர் தெரிந்திருந்தது. அந்த ஆய்வு 2004-ல் வந்தது. அமெரிக்காவில் சேஸர் என்ற இன்னொரு பார்டர் கோலிக்கு 1,022 பொம்மைகளின் பேர் தெரியும் என்று 2011-ல் வெளியிட்டார்கள். இவை விதிவிலக்கான நாய்கள்தான். ஆனால் நாம் கேட்பது ஆயிரம் சொல் இல்லையே, ரெண்டே சொல்.

ரெண்டு சொல், ரெண்டு வேலை

பேர் என்றால் "என்னைப் பார்". அழைப்பு என்றால் "செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு என்னிடம் வா". இந்த வித்தியாசம் ஏட்டளவில் சின்னதாகத் தெரியும். தெருவில் அப்படி இல்லை.

எங்கள் தெரு முனையில் போன வருஷம் ஒரு ஐந்து மாதக் குட்டி, திறந்திருந்த கேட் வழியாக ரோட்டுக்கு ஓடிவிட்டது. வீட்டில் எல்லாரும் பேர் சொல்லிக் கத்தினார்கள். குட்டிக்குப் பேர் நன்றாகவே தெரியும். நடு ரோட்டில் நின்று, திரும்பி, அவர்களைப் பார்த்தது. அதற்குச் சொல்லிக்கொடுத்ததை அது சரியாகவே செய்தது. தண்ணீர் லாரிக்காரரால் பிரேக் பிடிக்க முடியவில்லை.

அதனால்தான் ரெண்டையும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

பேர்ப் பாடம்

எட்டு வாரக் குட்டிக்கே ஆரம்பிக்கலாம். வேகவைத்த கோழி, முட்டை, பனீர் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சுண்டல் கடலை அளவுக்கு நறுக்கி, கண்ணில் படாமல் கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். (திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் கூடவே கூடாது. நாய்க்கு இவை விஷம்.) குட்டி வேறெங்கோ பார்க்கும்போது பேரை ஒரே ஒரு தடவை, சந்தோஷமான குரலில் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த உடனே "சபாஷ்" சொல்லி வாயில் கொடுங்கள். 'உடனே' என்றால் ஒன்றிரண்டு நொடிக்குள். ஒரு வேளைக்கு ஐந்தாறு தடவை, நாளைக்கு மூன்று வேளை போதும்.

திரும்பவில்லையா? மறுபடி மறுபடி பேரைச் சொல்லாதீர்கள். "மணி, மணி, டேய் மணி" என்று பத்துத் தடவை சொல்லி ஒன்றுமே நடக்காவிட்டால், அந்தச் சொல் மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிடும். கிட்டே போங்கள், அல்லது அமைதியான அறைக்குக் குட்டியைக் கொண்டுபோய் மறுபடி ஆரம்பியுங்கள்.

தமிழில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. நாம் ஒரு பேரை அப்படியே விடுவதில்லை. மணி, மணிக்குட்டி, மணிப்பயலே, டேய் தங்கம் எல்லாம் நமக்கு ஒன்றுதான். குட்டிக்கு ஒவ்வொன்றும் வேறு சத்தம். கொஞ்சுவதை யாரும் நிறுத்த வேண்டாம், நிறுத்தவும் முடியாது. முதல் ரெண்டு மூன்று வாரம், சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் மட்டும் ஒரே வடிவத்தை வீட்டில் எல்லாரும் சொன்னால் போதும்.

அழைப்புப் பாடம்

இங்கேயும் அதே சிக்கல்தான். 'வா' என்பது நம் வீட்டில் நாள் முழுக்கப் புழங்குகிற சொல். சாப்பிட வா, சீக்கிரம் வா, வாடா, வாம்மா, வந்துரு. இத்தனைக்கும் நடுவே தனக்கான 'வா' எது என்று குட்டி எப்படிப் பிரித்தெடுக்கும்? அதனால் வீட்டில் வேறு எதற்கும் சொல்லாத ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் "ஓடியா". விசில்கூட நல்லதுதான், யார் ஊதினாலும் ஒரே மாதிரி இருக்கும்.

1. அறைக்குள், நாலடி தூரத்தில் ஆரம்பியுங்கள். பேரைச் சொல்லுங்கள், பார்த்ததும் "ஓடியா" சொல்லிக் குந்தி உட்காருங்கள், அல்லது பின்னாலேயே ரெண்டு எட்டு வையுங்கள். நாம் விலகினால் குட்டி துரத்தும். நாம் துரத்தினால் அது ஓடும்.

2. வந்ததும் முதலில் கழுத்துப் பட்டையை மெல்லத் தொடுங்கள், பிறகு தீனி. இல்லாவிட்டால் தீனியை வாங்கிக்கொண்டு கைக்கு எட்டாமல் நழுவிப் போகக் கற்றுக்கொள்ளும்.

3. உடனே மறுபடி விளையாட விட்டுவிடுங்கள். கூப்பிட்டால் ஆட்டம் முடிந்துபோகாது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

4. ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று மாற்றி மாற்றிக் கூப்பிடுங்கள். குட்டிக்கு இது விளையாட்டு.

5. அடுத்து மொட்டை மாடி, பிறகு வாசல், பிறகு மைதானம். வெளியிடத்தில் பத்து மீட்டர் கயிறு கட்டியே பழக்குங்கள். அறைக்குள் கற்றது மைதானத்தில் செல்லாது. ஒவ்வொரு புது இடத்திலும் முதல் படியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் நாயை "தோ தோ தோ" என்று கூப்பிடுவார்கள். அமெரிக்காவின் பேட்ரிஷியா மக்கானல் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், அடுத்தடுத்து வரும் குட்டையான, மேலேறும் சத்தங்கள், நீளமான ஒற்றைச் சத்தத்தைவிட நாய்க்குட்டிகளை அதிகம் ஓடியாட வைத்தன. "தோ தோ தோ" அந்தக் கணக்கில்தான் வருகிறது. பயத்தில் நாம் போடுகிற "டேஏஏய்" அதற்கு நேர் எதிர்.

சொல்லைக் கெடுப்பது எப்படி?

குளிப்பாட்டக் கூப்பிடுகிறோம். நகம் வெட்டக் கூப்பிடுகிறோம். கட்டிப்போடக் கூப்பிடுகிறோம். பத்து நிமிஷம் ஆட்டம் காட்டிவிட்டுக் கடைசியில் தானாக வந்ததும், "எவ்வளவு நேரமா கூப்பிடுறேன்?" என்று ஒரு அடி வைக்கிறோம். தாமதத்துக்குத் தண்டனை கொடுத்ததாக நாம் நினைக்கிறோம். குட்டியைப் பொறுத்தவரை, வந்ததும் அடி விழுந்தது. அடுத்த முறை வராமல் இருக்க அதற்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

"இல்லை, தப்புச் செஞ்சது அதுக்கே தெரியும், மூஞ்சியைப் பாருங்க" என்பார்கள். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் இதைச் சோதித்தார். நாய் தப்புச் செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பில்லை. சொந்தக்காரர் திட்டினால் அந்த முகம் வந்தது. தப்பே செய்யாத நாய்கூட, திட்டியபோது அதே முகத்தைக் காட்டியது.

ஆக, விதி ரொம்ப எளிது. பிடிக்காத வேலை என்றால் கூப்பிடாதீர்கள், நீங்களே போய்த் தூக்கிக்கொண்டு வாருங்கள். கூப்பிட்டு வந்தால், எவ்வளவு தாமதமாக வந்தாலும் கொண்டாடுங்கள். ஏற்கெனவே சொல் கெட்டுப்போயிருந்தால் அதைச் சரிசெய்ய மல்லுக்கட்ட வேண்டாம். புதுச் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு முதல் படியிலிருந்து ஆரம்பிப்பதே சுலபம்.

ஏழெட்டு மாதத்தில் என்ன ஆகும்?

நன்றாக வந்துகொண்டிருந்த குட்டி திடீரென்று கேட்காது. மனம் தளர வேண்டாம். பிரிட்டனில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளை வைத்து 2020-ல் வந்த ஆய்வில், ஐந்து மாதத்தில் கேட்டதைவிட எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொல்வதை அவை குறைவாகவே கேட்டன. அறிமுகமில்லாத ஆள் சொன்னபோது அப்படி இல்லை! விடலைப் பருவம் எங்கேயும் ஒன்றுதான் போலிருக்கிறது. அந்த மாதங்களில் மறுபடி கயிறு, மறுபடி கோழித்துண்டு. அது கடந்துபோகும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு பழக்கினாலும் எந்த நாயும் நூற்றுக்கு நூறு வராது. பூனை குறுக்கே ஓடும், பட்டாசு வெடிக்கும். ரோட்டோரம் கயிறு கையில் இருக்கட்டும், கேட் தாழ்ப்பாள் போட்டிருக்கட்டும். இந்தப் பயிற்சி அந்த இரண்டும் தவறிப்போகிற ஒரு நாளுக்காக.

வீட்டில் குட்டி இருந்தால் இன்று ஒரு நாள் மட்டும் ஒரு கணக்கு எழுதிப் பாருங்கள். எத்தனை தடவை கூப்பிட்டோம், ஒவ்வொரு தடவையும் வந்த பிறகு அதற்கு என்ன கிடைத்தது. ஏன் வரமாட்டேங்குது என்பதற்கான பதில் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கும்.