தந்தியும் உடலும் மண்டபமும்

மேனாட்டு வாத்தியக்குழுவின் இசையைத் திரைப்படங்களிற் கேட்டு மகிழ்வோர், வயலின்களும் செல்லோக்களும் பெருகியெழும் அவ்வொலி சிற்சில வேளைகளில் ஒரு குழுவினர் ஒருங்கமர்ந்து வாசித்ததன்று என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வாசிப்பித்து ஒலிப்பதிவு செய்து, அப்பதிவுகளைக் கணினியிற் சேமித்து, விசைப்பலகை ஒன்றினால் வேண்டியவாறு அழைத்து ஒலிப்பிக்கும் முறை இன்று பெருவழக்காயுள்ளது. இவ்வாறு சேமித்த பதிவு ஒலிமாதிரி எனப்படும். மாதிரியானது நல்ல வயலினிலிருந்து நல்ல கலைஞர் ஒருவரால் வாசிக்கப்பட்டதாயினும், தொடர்ந்து ஒலிக்கும்போது அதில் ஏதோ ஒன்று குறைகின்றது. குறைவது யாது, அதனைக் கணிதத்தால் ஈடுசெய்தல் எவ்வளவிற்கு இயலும் என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

இம்முயற்சி கணினியின் பெருவழக்கிற்கு முற்பட்டது. 1963 இல் இங்கிலாந்தின் பேமிங்காம் நகரிலே தோன்றிய மெலற்றோன் என்னுங் கருவியில் ஒவ்வொரு விசைக்கும் ஓர் ஒலிநாடா இருந்தது. விசையை அழுத்தியதும் நாடா நகர்ந்து, முன்னர்ப் பதிந்துவைத்த ஒலியை எழுப்பும். ஏறத்தாழ 8 செக்கனில் நாடா முடிந்துவிடும். அதன்மேல் விசையை அழுத்திக்கொண்டிருந்தும் பயனில்லை. தம் பிழைப்புப் போய்விடுமென்று அந்நாட்டு இசைக்கலைஞர் சங்கத்தார் அஞ்சியது வியப்பன்று. 1979 இல் ஒஸ்திரேலியாவின் சிட்னி நகரிற் பிறந்த பெயர்லைற் கருவி நாடாவை நீக்கி, ஒலியை எண்களாக மாற்றிச் சேமித்தது. 2000 ஆம் ஆண்டை அடுத்து, வியன்னாவைச் சேர்ந்த செல்லோக் கலைஞர் ஹேர்ப் துக்மண்டில் தொடக்கிய நிறுவனம், எதிரொலி மிகக் குறைந்த அரங்கொன்றை இதற்கெனவே அமைத்துப் பல இலட்சம் மாதிரிகளைத் திரட்டியது. எதிரொலியை விலக்கியதற்குக் காரணம் உண்டு. மண்டபத்தின் ஒலி மாதிரியோடு ஒட்டிவிடின், பின்னர் அதனைப் பிரித்தெடுத்தல் மிக அரிது. ஆயின் மண்டபம் இல்லாத வயலினொலியோ காதுக்கு வறண்டு தோன்றும்.

வயலினின் ஒலி ஓரிடத்திற் பிறப்பதன்று. வில் தந்தியைப் பற்றி இழுப்பதும், தந்தி நழுவித் திரும்புவதும், மீண்டும் வில்லிற் சிக்குவதுமாகிய நிகழ்ச்சி ஒரு செக்கனிற் பலநூறு முறை நடைபெறுகின்றது. சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் இதனை நுண்காட்டி கொண்டு ஆராய்ந்தார். இவ்வசைவு குதிரையின் வழியாக மரவுடலைச் சேர்கின்றது. மரவுடல் எல்லா மீடிறன்களையும் ஒப்பப் பேணுவதில்லை; சிலவற்றை உயர்த்தும், சிலவற்றை விழுங்கிவிடும். உள்ளிருக்கும் காற்று செக்கனுக்கு ஏறத்தாழ 280 அதிர்விற் பரிவுறுகின்றது. மரப்பலகைகளின் முதன்மையான பரிவுகள் 400 முதல் 600 வரையில் அமைகின்றன. 2000 இற்கும் 3000 இற்கும் இடையில் அகன்றதொரு மேடும் உண்டு. மிகத்தாழ்ந்த தந்தியின் அடிப்படை மீடிறன் 196 ஆகும். அம்மீடிறனை உடல் பெரிதும் வெளிவிடுவதில்லை. மேற்றொனிகளைக் கேட்டே செவி அதனைத் தானாக நிரப்பிக்கொள்கின்றது! ஆகவே தந்தி கொடுப்பது ஒன்று, உடல் அதனைத் திருத்துவது ஒன்று, மண்டபம் மேலுந் திருத்துவது ஒன்று என மூன்று படிகள் உள.

இத்திருத்தங்களைக் கணிதத்தால் எவ்வாறு பிடிப்பது? வெறுமையான கல்மண்டபம் ஒன்றில் ஒருமுறை கைதட்டுக. கைதட்டல் ஒரு கணமே. ஆனால் சுவரும் தூணும் விதானமும் அதனைத் தெறித்து, ஒன்றன்பின் ஒன்றாய்த் தேய்ந்துசெல்லும் ஒலிகளாகத் திருப்பித்தருகின்றன. இதுவே அம்மண்டபத்தின் மறுமொழி. ஆங்கிலத்தில் இதனை இம்பல்ஸ் ரெஸ்பொன்ஸ் என்பர். எண்களாக மாற்றப்பட்ட இசை என்பது வெவ்வேறு வலிமையுடைய கைதட்டல்கள் செக்கனுக்குப் பல்லாயிரமாக நிரைப்பட்டு வருவதேயன்றி வேறன்று. ஒவ்வொரு தட்டலுக்கும் அதன் வலிமைக்கேற்ற மறுமொழியை எழுதி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால், அவ்விசை அம்மண்டபத்தில் ஒலித்தவாறே கிடைக்கும். இக்கூட்டலே கொன்வலூசன் எனப்படும்.

எளிய கணக்கொன்றைக் காண்க. ஒரு மண்டபத்தின் மறுமொழி 1, 0.5, 0.25 என்க. அங்கே 2, 3 என்னும் ஈரெண் இசை ஒலிக்கின்றது. முதலெண்ணின் மறுமொழி 2, 1, 0.5. இரண்டாமெண்ணின் மறுமொழி 3, 1.5, 0.75; ஆனால் இஃது ஒருபடி பிந்தித் தொடங்கும். இரண்டையும் கூட்ட வருவது 2, 4, 2, 0.75. இதற்குமேல் இதில் மறைபொருள் எதுவும் இல்லை.

இடர் மறைபொருளில் அன்று, அளவிலே உள்ளது. 1870 இல் திறக்கப்பட்ட வியன்னாவின் மூசிக்பெராயின் பெருமண்டபத்தில், மக்கள் நிறைந்திருக்கும்போது, ஒலி தன் வலுவில் பத்திலட்சத்தில் ஒரு பங்காகத் தேய்வதற்கு ஏறத்தாழ 2 செக்கன் செல்லும். இறுவட்டின் முறைப்படி செக்கனுக்கு 44,100 எண்கள் கொண்டால், அம்மறுமொழி 88,200 எண்கள் உடையதாகும். இசையின் ஒவ்வோரெண்ணையும் அத்தனை எண்களாலும் பெருக்கவேண்டுமாதலின், ஒரு செக்கன் இசைக்கு 388 கோடியே 96 இலட்சத்து 20 ஆயிரம் பெருக்கல்கள் வேண்டும். இரு காதுகளுக்கும் எனின் இதன் இரட்டி. 1965 இல் கூலி, ரூக்கி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்ட விரைவுக் கணிப்புமுறை இச்சுமையை மிகக் குறைத்தது. ஆயினும் அம்முறை எண்களைக் கட்டுக்கட்டாகவே கையாளுமாதலின், கட்டு நிரம்பும்வரை காத்திருத்தல் வேண்டும். விசையை அழுத்திச் சற்றுப் பொறுத்தே ஒலி வரும். மறுமொழியின் தொடக்கத்தை நேரே பெருக்கியும், பின்வருவதைப் படிப்படியாய் நீளும் கட்டுகளாகப் பிரித்துக் கணித்தும் இத்தாமதத்தை நீக்கும் வழியை வில்லியம் கார்ட்னர் 1995 இல் விளக்கினார். 1999 இல் சோனி நிறுவனம் இதற்கெனத் தனிக்கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. 2001 இல் ஒல்லாந்திலிருந்து அல்ற்றிவேர்ப் என்னும் மென்பொருள் வந்தது. இன்று மடிக்கணினி ஒன்றே இதனைச் செய்கின்றது.

மறுமொழியைப் பிடிப்பதற்குக் கைதட்டலே போதுமோவெனின், போதாது. துப்பாக்கி வெடியும் பலூன் வெடியும் பயன்பட்டன. அவை ஒருமுறைபோல் மறுமுறை அமைவதில்லை. தாழ்ந்த மீடிறனிலிருந்து உயர்ந்ததற்குச் சீராக ஏறிச்செல்லும் நீண்ட ஒலியை மண்டபத்தில் எழுப்பிப் பதிந்து, பின்னர்க் கணிதத்தால் அதனை ஒரு கணமாகச் சுருக்கும் முறையை இத்தாலியின் பார்மா நகரத்துப் பேராசிரியர் அஞ்சலோ பரினா 2000 இல் வெளியிட்டார். வயலினுடலின் மறுமொழியைப் பெறுவதற்குக் குதிரையின் பக்கத்தைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி, எதிரே வைத்த ஒலிவாங்கியாற் பதிவர்.

இங்கேதான் தொனியைத் திருத்துவோர் பலர் இடறுகின்றனர். கொன்வலூசன் என்றதும் நீண்ட எதிரொலியையே நினைப்பர். தொனிக்கு வேண்டுவது அவ்வாலன்று, மறுமொழியின் தலைப்பகுதியே. மண்டப மறுமொழியின் முதல் 80 மில்லிசெக்கன் அளவிற் கிட்டும் தெறிப்புகளைச் செவி தனி எதிரொலியாகப் பிரித்துணராது, கருவியின் உடலோடு சேர்த்தே கொள்ளும். வாலை வெட்டித் தலையை மாத்திரம் பயன்படுத்தினால், மண்டபம் மறைந்து மரத்தின் வெதுவெதுப்பு எஞ்சும்.

வயலினுடலின் மறுமொழியைப் பயன்படுத்துவோர்க்கு வேறோர் எச்சரிக்கை வேண்டும். ஒலிமாதிரியில் ஓருடல் முன்னரே இருக்கின்றது. அதன்மேல் இன்னோருடலை ஏற்றினால் மேடுகள் ஒன்றையொன்று பெருக்கும். இரண்டும் ஒரே மீடிறனை 10 மடங்கு உயர்த்துமாயின் விளைவு 100 மடங்காகும். பெட்டிக்குள்ளிருந்து பாடுவதுபோன்ற ஒலியே மிஞ்சும். பழைய உடலை வகுத்து நீக்கியபின் புதியதை ஏற்றலாம் என்பர். கணிதம் அதற்கு இடந்தரும். ஆனால் பழைய உடல் ஏறத்தாழ விழுங்கிவிட்ட மீடிறன்களிற் சுழியை அண்டிய எண்ணால் வகுக்க நேரிடும். அப்போது பெருகுவது இசையன்று, பதிவின் இரைச்சலே.

இதனினும் நுட்பமான குறை ஒன்று உண்டு. சிக்கனங் கருதிச் சில தொகுப்புகளில் எல்லாச் சுரங்களையும் பதியாது, ஒன்றைப் பதிந்து அதனை விரைவாக ஓட்டி அயற்சுரங்களைப் பெறுவர். மூன்று அரைச்சுரம் உயர்த்தினால் எல்லா மீடிறன்களும் ஏறத்தாழ 1.189 மடங்காகும். தந்தியின் சுரம் உயரவேண்டியதே. ஆனால் 280 இல் இருந்த காற்றுப்பரிவும் 333 இற்கு நகர்ந்துவிடும். சுரத்துக்குச் சுரம் வயலினே சிறுத்தும் பருத்தும் போவது போலாம். மெய்யான வயலினில் தந்தியின் ஒலி அசையும், உடல் அசையாது. விரல் நடுங்கும்போது ஒவ்வொரு மேற்றொனியும் அசையாத மேடுபள்ளங்களின்மீது ஏறியிறங்கி, வலிமையிலும் மாறிமாறி மின்னுகின்றது. வயலினொலியின் உயிர்ப்பு பெரிதும் இதுவே. கமகத்தையே உயிராகக் கொண்ட கருநாடக இசைக்கு விசைப்பலகை வயலின் ஒவ்வாமைக்கும் இஃதொரு காரணம்.

ஆகவே தந்தியையும் உடலையும் பிரித்தே பதிதல் நன்று. 1973 இல் அமெரிக்காவில் மக்ஸ் மத்தியூசும் கோகுட்டும் தந்தியின் அசைவை மின்னாக மாற்றி, உடலின் பரிவுகளை மின்சுற்றுகளால் அமைத்துக் காட்டினர். கேம்பிரிட்ஜ் அறிஞர், குதிரையின்மேல் தந்தி செலுத்தும் விசையைப் பதிந்து, அதே வாசிப்பை வெவ்வேறு வயலினுடல்களின் வழியாகக் கணினியில் ஒலிப்பித்துச் செவியின் நுண்மையை ஆராய்ந்தனர். ஒலிமாதிரிகளையும் இவ்வாறே குதிரையிற் பொருத்திய உணரி கொண்டு உடலின் தாக்கம் குறையப் பதிந்து, சுரத்தை வேண்டியவாறு வளைத்து, இறுதியில் அசையாத உடல் மறுமொழியை ஏற்றினால் மேற்கூறிய குறை பெரும்பாலும் நீங்கும். படிகளின் ஒழுங்கு மாறினால் பயனில்லை.

கொன்வலூசனால் இயலாததும் உண்டு. அது மாறாத ஒன்றை மட்டுமே தரவல்லது. ஒரு வயலினின் பதிவைப் பதினாறு வயலினாக்க அதனால் முடியாது. பதினாறு கலைஞர் வாசிக்கும்போது அவர்தம் சுருதியும் காலமும் கணத்துக்குக் கணம் விலகிக் கூடுகின்றன. மறுமொழியோ கல்லிற் பொறித்ததுபோல் நிற்கும். இருக்கையிடமும் அவ்வாறே. ஒரே மறுமொழியை எல்லார்க்கும் இட்டால், வயலினும் செல்லோவும் ஒரே நாற்காலியில் அமர்ந்தவை போலாகும். மேலே கூறிய வியன்னா நிறுவனத்தார் 2009 இல் வெளியிட்ட மென்பொருளுக்கு, மேடையின் பல இடங்களிலிருந்தும் பல திசைகளை நோக்கியும் மறுமொழிகளைத் தனித்தனியே எடுத்தது இதனாலேயே.

தொனி திருந்தியதோ எனச் சோதிப்பவர் முதலில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கொன்வலூசன் ஏறிய ஒலி பெரும்பாலும் முன்னையதினும் உரத்ததாயிருக்கும். உரத்தது இனிதெனச் செவி மயங்கும். இரண்டையும் ஒரே உரப்பிற்குக் கொணர்ந்து, எது எதுவெனத் தெரியாதவாறு வேறொருவரைக் கொண்டு மாறிமாறி ஒலிப்பித்துக் கேட்ட பின்னரே தீர்ப்புக் கூறுதல் தகும்.