குல்பர்காவில் அடங்கிய டில்லி மகான்

மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலேறும் நம்மவர்களுக்கு குல்பர்கா புதிய பெயரல்ல. சோலாப்பூரைத் தாண்டி, வாடி ஜங்ஷனுக்கு முன்னால் வரும் ஊர். 2014 நவம்பர் முதல் அதன் பெயர் கலபுரகி. வண்டி நிற்கும்போது பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஒரு டீ குடித்துவிட்டு ஏறிக்கொள்வதோடு நமக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. ஆனால், அந்த ஸ்டேஷனில் மூட்டை முடிச்சுகளோடு இறங்குகிறவர்களில் பலர் போவது ஒரே இடத்துக்குத்தான். அது குவாஜா பந்தே நவாஸ் தர்கா.

மகானின் இயற்பெயர் சையது முகம்மது ஹுசைனி. 1321-ல் டில்லியில் பிறந்தார். ஆறேழு வயதிலேயே ஊர் விட்டு ஊர் போகும் துன்பத்தை அனுபவித்தவர். முகம்மது பின் துக்ளக் தலைநகரை தௌலதாபாத்துக்கு மாற்றிய கதை பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். அந்தக் குடிபெயர்ப்பில் இவர் குடும்பமும் தக்காணம் வந்தது. தந்தை அங்கேயே காலமானார்; அவர் சமாதி குல்தாபாத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்குப் பின் தாயுடன் டில்லி திரும்பிய சிறுவன், நிஜாமுத்தீன் அவுலியாவின் சீடரான நஸிருத்தீன் சிராக் டெஹ்லவியிடம் சேர்ந்தான்.

பல்லக்கும் கூந்தலும்

'கேசுதராஸ்' என்றால் நீண்ட கூந்தலுடையவர். இந்தப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். குருவின் பல்லக்கைச் சுமந்தபோது சீடரின் கூந்தல் அதில் சிக்கிக்கொண்டது. நிறுத்தச் சொன்னால் குருவுக்கு மரியாதைக் குறைவு என்று, வலியைப் பொறுத்துக்கொண்டு நெடுந்தூரம் நடந்தாராம். 1356-ல் குரு மறைந்த பிறகு, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் டில்லியில் போதித்து வந்தார்.

1398-ல் தைமூரின் படை டில்லியை நெருங்கியது. மீண்டும் ஊரை விட வேண்டியதாயிற்று. அப்போது வயது 77. குவாலியர், குஜராத் என்று சுற்றி, தௌலதாபாத் வழியாக 1400-ஐ ஒட்டி குல்பர்கா வந்து சேர்ந்தார். மற்றவர்கள் ஓய்ந்து உட்காரும் வயதில் இவருக்குப் புதிய வாழ்க்கை தொடங்கியது.

சுல்தானோடு மனத்தாங்கல்

பாமினி சுல்தான் பிரோஸ் ஷா முதலில் மரியாதையோடுதான் வரவேற்றார். சுல்தான் படித்தவர், பல மொழி அறிந்தவர். ஆனால், மகானின் கல்வி அவருக்குத் திருப்தி தரவில்லை என்று பெரிஷ்தாவின் வரலாறு கூறுகிறது. தம் மகன் பட்டத்துக்கு வர ஆசி கேட்டபோது, அடுத்து ஆளப்போகிறவர் தம்பி அகமதுதான் என்று மகான் சொல்லிவிட்டார். கோட்டைக்குப் பக்கத்தில் கூட்டம் சேர்ந்து இரைச்சலாக இருக்கிறது, மடத்தை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று உத்தரவு வந்தது. வாக்குவாதம் செய்யாமல் ஊருக்கு வெளியே போனார். மக்களும் பின்னாலேயே போனார்கள்.

1422-ல் அகமது ஷா அரியணை ஏறினார். அதே ஆண்டு நவம்பரில் மகான் மறைந்தார், வயது 101.

திரிகைப் பாட்டு

பாரசீகத்திலும் அரபியிலும் நிறைய எழுதியவர் இவர். பாரசீகக் கவிதைகளும் உண்டு. என்றாலும் ஹிந்தவிப் பாட்டுக்கு நெஞ்சை உருக்கும் மென்மை உண்டென்று அவர் சொன்னது, மூத்த மகன் தொகுத்த 'ஜவாமிஉல் கலிம்' நூலில் இருக்கிறது. அந்த மொழி தக்காணத்தில் மராத்தி, கன்னடம், தெலுங்குச் சொற்களோடு கலந்து தக்கனி ஆயிற்று. ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து உருதுப் பேச்சில் இன்றும் அதன் வாடையைக் கேட்கலாம். 'மிராஜுல் ஆஷிகீன்' என்ற தக்கனி உரைநடை நூலை இவர் பெயரில் சொல்வதுண்டு; பிற்காலத்தது என்பது பல ஆராய்ச்சியாளர்களின் கருத்து. பெண்கள் திரிகையில் மாவு அரைத்துக்கொண்டே பாடும் 'சக்கி நாமா' ஒன்றும் இவர் பெயரில் வழங்குகிறது. எழுதியது யாராயினும், எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்குள் சூஃபிகளின் போதனை நுழைந்தது இப்படிப்பட்ட பாட்டுகளால்தான்.

தர்காவுக்கு இந்துக்களும் திரளாக வருகிறார்கள். துல்கஅதா மாதம் 15-ந் தேதி சந்தன ஊர்வலத்தோடு உரூஸ் தொடங்குகிறது. பிறைக் கணக்கானதால் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். அந்த நாட்களில் வண்டியில் இடம் கிடைப்பது கஷ்டம். போக நினைப்பவர்கள் முன்கூட்டியே ரிசர்வ் செய்துகொள்வது நல்லது.