கிழங்கின் தலை

"மலையில் வருஷா வருஷம் கிழங்கு தோண்டினால் கொடி அற்றுப்போகாதா?" என்று சேத்தூர் வாசகர் ஒருவர் கேட்கிறார். ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் மலைச்சரிவுகளில் பளியர்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டு வள்ளியைத் தோண்டித் தின்றுதான் வருகிறார்கள். கொடியும் இருக்கிறது. 2021-இல் அந்தக் காடு புலிகள் காப்பகமான பிறகு இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் வந்துவிட்டது.

உருளைக்கிழங்கைத் திருப்பிய பக்கமெல்லாம் கண் இருக்கும். வள்ளியின் தோலைத் தடவிப் பாருங்கள், சல்லிவேர் தட்டுப்படும், கண் ஒன்றுகூடத் தட்டுப்படாது. கொடி ஒட்டியிருந்த மேல்நுனி மட்டும் ஒல்லியாக, நார்பிடித்து, கட்டைபோல இருக்கும். அதுதான் தலை. முளை முதலில் அங்கேதான் கிளம்பும். தலை இருக்கும்வரை மற்ற இடத்தை முளைக்க விடாது. தலையை நறுக்கிவிட்டால், தோலுக்குச் சற்றுக் கீழே உள்ள செல்கள் கூடி ஒரு மொட்டைப் புதிதாகவே உருவாக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பெருவள்ளியில் தலைத்துண்டு முந்தி முளைப்பதும் நடுத்துண்டு பிந்துவதும் இதனால்தான்.

காட்டு வள்ளிகள் பலவற்றில் கிழங்கு ஓராண்டுச் சரக்கு. பத்தாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை விழுந்ததும் கொடி அதைத் திறந்து தின்று தீர்க்கிறது; பழைய பத்தாயம் சுருங்கி மக்குகிறது; இலை வெயிலில் சம்பாதித்ததைப் போட்டுவைக்கப் பக்கத்திலேயே புதுப் பத்தாயம் எழுகிறது. கொடி காய்ந்த பிறகு வருபவர் நெல்லை அள்ளலாம், பலகையைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போகலாம். தச்சனை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அந்தத் தச்சன்தான் தலை. தென்னிந்திய மலைகளில் கிழங்கெடுக்கும் பழங்குடிகள் பலர் தலையைத் திரும்பக் குழியில் வைத்து மண் தள்ளிவிடுகிறார்கள். இளகிய மண்ணில் அடுத்த கிழங்கு சுலபமாக இறங்கும்.

இனி கொஞ்சம் வரலாறு. 1940-களில் ரசல் மார்க்கர் என்ற வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளியிலிருந்து ஆய்வகத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் செய்தார். அதைக் காட்டி இன்று 'ஹார்மோன் கிழங்குப் பொடி' விற்கிறார்கள். கிழங்கில் உள்ளதை ஹார்மோனாக மாற்றும் வேலையை ஆய்வகம்தான் செய்யும், நம் உடம்பால் ஆகாது. மாவுச்சத்தும் நார்ச்சத்தும் உள்ள நல்ல உணவு என்பதே வள்ளிக்குப் போதுமான பெருமை. பொடி வியாபாரம் காட்டுக்குள் நுழைந்தால் எடைக்கு எடை காசு. தலையை மண்ணில் விட்டுவருவதற்கு யார் கூலி தருவார்கள்?

நெல் விதையைக் குளிர் அறையில் பல ஆண்டு வைக்கலாம். பயிராகும் வள்ளி ரகங்களை அப்படி விதையாக அடைத்துவைக்க முடியாது. 1963-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும் அவற்றை வயலில் திரும்பத் திரும்ப நட்டுக் காக்கிறது. காட்டு வள்ளியையும் மண்ணில் வைத்தே காக்க வேண்டும். அதனால் புலிகள் காப்பகத்துக்கு மேலாண்மைத் திட்டம் எழுதுகிறவர்கள், எந்தச் சரிவில் எந்தக் கொடி, எந்த மாதம் எடுக்கலாம், எவ்வளவு தலை விட வேண்டும் என்பதைக் கிழங்கெடுக்கும் பளியர்களை உட்காரவைத்துக் கேட்டு, அவர்கள் பெயரிலேயே பதிய வேண்டும்.