சுட்ட கத்தரிக்காயும் நூறு டிகிரியும்

திருநின்றவூர்க் கடைத்தெருவில் ஒரே அளவான இரண்டு பெரிய கத்தரிக்காய்களை வாங்கி வருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றை நீரில் வேகவைக்கிறோம். மற்றொன்றைக் கரித்தணலிலோ எரிவாயு அடுப்பின் சுடரிலோ நேராகச் சுடுகிறோம். பிறகு இரண்டையும் மசித்து, புளி சேர்த்துக் கொத்சு செய்கிறோம். வேகவைத்த காயில் செய்தது சப்பென்றிருக்கும். சுட்ட காயில் செய்ததோ கூடம் வரை மணக்கும். காய் ஒன்றே, புளியும் ஒன்றே. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

விடை வெப்பநிலையில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். அடுப்பை மேலும் தூண்டினால் நீர் விரைவாக ஆவியாகுமே தவிர, அதன் வெப்பநிலை ஏறாது. ஆகவே அதில் மூழ்கியுள்ள காயும் 100 டிகிரியைத் தாண்டாது.

சுடரின் வெப்பநிலையோ ஆயிரம் டிகிரிக்கும் அதிகம். ஆயினும் காய் உடனே கரியாகிவிடுவதில்லை. ஏன் தெரியுமா? கத்தரிக்காயின் எடையில் நூற்றுக்கு 92 பங்கு நீர். அந்த நீரே அதைக் காக்கிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிராம் காயை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேற்ற ஏறத்தாழ 14,000 கலோரி வேண்டும். ஆனால் கொதிநிலையிலுள்ள ஒரு கிராம் நீரை ஆவியாக்க மட்டும் 540 கலோரி தேவை. காயிலிருந்து 20 கிராம் நீர் வெளியேறுவதற்கே 10,800 கலோரி செலவாகிவிடும்! பாடத்தில் நீங்கள் படிக்கும் உள்ளுறை வெப்பம் இதுவே.

மெல்லிய மேல்தோல் விரைவில் உலர்ந்துவிடுகிறது. நீர் போன இடத்தில் வெப்பநிலை தடையின்றி ஏறுகிறது. சுமார் 140 டிகிரியைக் கடந்ததும், காயிலுள்ள சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் விரைந்து வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் பலவகை மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. 1912ஆம் ஆண்டில் இதை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மையாரின் பெயரால் இது மையார் வினை எனப்படுகிறது. தோசையின் முறுகலுக்கும் வறுத்த காப்பிக்கொட்டையின் மணத்துக்கும் இதுவே காரணம். பிரஷர் குக்கரில் 120 டிகிரி வரை செல்லலாமே என்று கேட்பீர்கள். அங்கே ஈரம் சூழ்ந்திருப்பதால் காய் எளிதில் பழுப்பேறுவதில்லை.

சுடப்படும் காயின் உட்சதை, தன் நீராவியிலேயே வேகிறது. ஒரு கிராம் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 கன செ.மீ. இடம் கேட்கும். தோல் அதற்கு வழிவிடாவிட்டால் காய் வெடித்து, கொதிக்கும் சதை முகத்தில் தெறிக்கக்கூடும். ஆகவே சுடுவதற்கு முன் நான்கைந்து இடங்களில் கத்தியால் கீறிவிட வேண்டும். புழு இருக்கிறதா என்று பார்க்க வீட்டுப் பெரியவர்கள் கீறுவதும் இதற்கு உதவுகிறது.

காய் குழைந்ததும் ஆறவைத்து, கருகிய தோலை உரியுங்கள். குழாய் நீரில் கழுவாதீர்கள். மணமும் சேர்ந்து போய்விடும். புளிக்கரைசலை மஞ்சள், உப்புடன் பச்சை வாசனை போகத் தனியே கொதிக்கவிட்டு, மசித்த காயைச் சேருங்கள். கடுகு, பச்சைமிளகாய், பெருங்காயம் தாளித்தால் கொத்சு தயார்.

புளியை ஏன் கடைசியில் சேர்க்கிறோம்? காயின் செல்களைப் பிணைத்து வைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். வெப்பத்தில் அது கரைந்தால்தான் காய் குழையும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அக்கரைதலைத் தாமதப்படுத்துகிறது. வட இந்தியாவின் பைங்கன் பர்த்தாவுக்கும் கத்தரிக்காயை முதலில் சுட்டுவிடுகிறார்கள். மேற்கு ஆசியாவின் பாபா கனூஷில் எலுமிச்சைச்சாறு சேர்வதும் சுட்ட பிறகே.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஓர் உருளைக்கிழங்கைச் சம அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். பாதியை வெறும் நீரிலும் மீதியைக் கெட்டியான புளிக்கரைசலிலும் ஒரே நேரம் வேகவையுங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் கரண்டியால் அழுத்துங்கள். எது முதலில் நசுங்குகிறது? பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கண்டதை நோட்டுப்புத்தகத்தில் எழுதி வையுங்கள்.