ஒரே கையில் எல்லாச் சாவிகளும் வேண்டாம்

ஒருவர் பதியும் கணக்கை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கான அடிப்படை விதி. இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் பேரிங்ஸ் வங்கி.

1762ல் லண்டனில் தொடங்கப்பட்ட வங்கி இது. இதன் சிங்கப்பூர் அலுவலகத்தில் நிக் லீசன் பங்குச்சந்தை வர்த்தகமும் செய்தார். அதன் கணக்குகளைச் சரிபார்க்கும் பிரிவையும் அவரே கவனித்தார். நஷ்டங்களை 88888 என்ற கணக்கில் மறைத்தார். லண்டனுக்குச் செல்லும் அறிக்கைகளில் அந்தக் கணக்கு வராதபடி சாப்ட்வேரையும் மாற்ற வைத்தார். 1995 பிப்ரவரியில் உண்மை வெளிவந்தபோது நஷ்டம் சுமார் 82.7 கோடி பவுண்டு. வங்கி திவாலானது. டச்சு நிறுவனமான ஐ.என்.ஜி. அதை 1 பவுண்டுக்கு வாங்கியது.

இங்கு கம்ப்யூட்டர் பழுதாகவில்லை. அதிகாரம் முழுவதும் ஒருவரிடம் இருந்ததுதான் கோளாறு.

உங்கள் வீட்டிலும் இதே விதியைப் பின்பற்றலாம். விண்டோஸில் முதலில் உருவாகும் யூசர் அக்கவுண்ட், எல்லா அதிகாரமும் உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குச் சென்று, தினசரி வேலைக்கென ஸ்டாண்டர்டு யூசர் ஒன்றைத் தனியே உருவாக்குங்கள். அதன்பின் ஏதேனும் புரோகிராம் சிஸ்டத்தை மாற்ற முயன்றால், விண்டோஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைக் கேட்கும். எதற்குக் கேட்கிறது என்று படித்துப் பார்த்த பிறகே டைப் செய்யுங்கள்.