இடம் இருந்தால் மட்டும் போதுமா?

2023 மே மாதம். காலை காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தெருக்கோடியில் இட்லிக் கடை போட்டிருக்கும் அம்மாள் கை நிறைய ஆரஞ்சு மிட்டாயோடு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, எம் பொண்ணு ப்ளஸ் டூ பாஸாயிட்டா!"

மார்க்கைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வருஷம் பரீட்சை எழுதிய என் பையனைவிட இருபத்திரண்டு மார்க் அதிகம்! இவனுக்கு இரண்டு இடத்தில் டியூஷன். அவளோ விடியற்காலையில் அம்மாவுக்கு மாவு அரைத்துக் கொடுத்துவிட்டு அரசுப் பள்ளிக்கு நடந்து போனவள்.

"ரொம்ப சந்தோஷம்மா" என்று மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அந்தத் தவறைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன், சகோதரிகளே.

அடுத்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் ஒரே அமர்க்களம். இவர் ஆபீசுக்கு லீவு போட்டுச் சான்றிதழ்களுக்கு அலைந்தார். என் தம்பி கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தை நிரப்பினான். மைத்துனர் நல்ல கல்லூரிகளுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். ஒரு பையன் கல்லூரிக்குப் போக மூன்று பெரியவர்கள்!

ஒரு நாள் இட்லி வாங்கப் போனபோதுதான், "பொண்ணு எங்கேம்மா சேரப் போறா?" என்று கேட்கத் தோன்றிற்று.

"இன்ஜினீயரிங் படிக்க ஆசைக்கா. அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்குன்னு இடம் இருக்காமே, அது நமக்கு வராதாம். எட்டாவது வரைக்கும் எங்க அம்மா ஊர்ல பஞ்சாயத்து யூனியன் ஸ்கூல்ல படிச்சா. அது கணக்குல சேராதுன்னு சொல்லிட்டாங்க. பனியன் கம்பெனிக்கு அனுப்பிரலாம்னு இருக்கோம்."

"யார் சொன்னது?"

"அக்கம்பக்கத்துலதான்."

விண்ணப்பிக்க இன்னும் நாலே நாள்தான் இருந்தது. விசாரித்துப் பார்த்தால், பஞ்சாயத்து யூனியன் பள்ளியும் இந்த ஒதுக்கீட்டுக்கு அரசுப் பள்ளிதான்! ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடம் என்று 2020-ல் மருத்துவப் படிப்புக்குச் சட்டம் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலியவற்றுக்கும் வந்தது. யாரோ போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையால் அந்தப் பெண்ணின் படிப்பே போக இருந்தது.

பழைய பள்ளியில் படித்ததற்குச் சான்று வாங்க அம்மாவும் பெண்ணும் பஸ் ஏறினார்கள். அன்று கடை மூடல். ஒரு நாள் வருமானம் போச்சு. ரேஷன் கார்டில் அப்பா பெயர் ஒரு விதம், மார்க் ஷீட்டில் இன்னொரு விதம். அதற்கு ஒரு நாள். கடைசி நாள் சாயங்காலம் என் தம்பிதான் விண்ணப்பத்தை அனுப்பிவைத்தான். பெண்ணுக்கு அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது!

ஏழைப் பிள்ளைகளுக்கு நம் மாநிலத்தில் கதவு திறக்கவில்லை என்று சொல்ல முடியாது. தொழிற்கல்விக்கு இருந்த மாநில நுழைவுத் தேர்வு 2007-ல் போயிற்று. டியூஷனுக்கு வழியில்லாத பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். 2010-ல் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின.

ஆனால், இடம் மட்டும் இருந்தால் போதாது. 2020-லேயே இது தெரிந்துபோயிற்று. ஒதுக்கீட்டில் தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தும், பணம் கட்ட வழியில்லாமல் சில பிள்ளைகள் அதை விட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. இங்கேயும் அதே கதைதான். அங்கே பணம் இல்லை. இங்கே விவரம் சொல்ல ஆள் இல்லை.

1998-ல் ப்ளஸ் டூவோடு நின்றவள் நான். "பொம்பளைப் பிள்ளைக்குப் போதும்" என்றார் அப்பா. எடுத்துச் சொல்ல வீட்டில் யாருமில்லை. அந்த வருத்தம் தெரிந்த நானே, தெருக்கோடிப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேனே!

உங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர், துணி தேய்க்கிறவர், வேலைக்கு வருகிறவர் வீட்டில் ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிறதா? மார்க் வரும்வரை காத்திருக்காமல் பொங்கல் முடிந்ததுமே கேளுங்கள்.

சாதி, வருமானச் சான்றிதழ்கள் இருக்கின்றனவா? அப்பா அம்மா, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்காத வீடா? அப்படியானால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போடச் சொல்லுங்கள். எல்லாக் காகிதத்திலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். விதிகளும் தேதிகளும் வருஷா வருஷம் மாறக்கூடும். ஆகையால் அக்கம்பக்கப் பேச்சை நம்பாமல் பள்ளித் தலைமை ஆசிரியரிடமே கேட்கச் சொல்லுங்கள். கூடப் போக முடிந்தால் ரொம்ப நல்லது.

சேர்ந்த பிறகும் ஒரு கண் வையுங்கள். நம் பெண்ணும் முதல் வருஷம் இங்கிலீஷ் புரியாமல் இரண்டு பாடத்தில் கோட்டை விட்டாள். "நின்னுடறேன் அத்தை" என்று அழுதவளுக்கு, "எழுதினா பாஸ் பண்ணிடலாம்டீ" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அடுத்த முறை எழுதி இரண்டையும் முடித்துவிட்டாள்.

2025 மே மாதம் இட்லி வாங்கப் போனேன். கடை பெஞ்சில் உட்கார்ந்து யாரோ இரண்டு பிள்ளைகளின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கொஞ்சம் இருங்க. இதுல இனிஷியல் தப்பா இருக்கு" என்றாள்.

இட்லிக்கு எனக்கென்ன அவசரம்? நின்றேன்.